இடியின் அக்கா எழுதிய புத்தகம்

ராக் பாடகனான தம்பியை ஊரே 'இடி' என்றது. அவளை 'இடியோட அக்கா' என்றது. அவர்களுடைய அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு 'அந்த ஆளு' என்றது. முதல் இரண்டையும் அக்கா ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதுதான் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அவளுக்கு ஒரு காது மருத்துவமனையில் வேலை. யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்க வேண்டும். சத்தம் புகாத சின்ன அறை, அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே வந்தவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். வெளியே இருந்து அக்கா மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காமலே குத்துமதிப்பாக அழுத்துகிற கில்லாடிகளும் உண்டு. அவர்களுக்கு அக்கா ஒலியே அனுப்பாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். அப்போதும் அழுத்தினால் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். ஆள் அசடு வழிந்துகொண்டே ஒழுங்குக்கு வந்துவிடுவார்.

"தம்பி ஊர் காதைக் கெடுக்கிறான், அக்கா உக்காந்து சரி பாக்குறா. குடும்பத் தொழில் நல்லா நடக்குது" என்று டாக்டர் கிண்டல் செய்வார். அவளும் சிரிப்பாள். தம்பி மேடையில் ஒரு மந்திரியைப் போல நடந்து காட்டிவிட்டு லாக்கப்பில் உட்கார்ந்தபோது, பால் வாங்கப் போன இடத்தில் நாலு பேர் துக்கம் விசாரித்தார்கள். "அவன் வாய், அவன் பாடு" என்று சொல்லிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு வந்தாள். கொடுத்த விருதை அவன் மேடையிலேயே குப்பைத்தொட்டியில் போட்டபோதும் அப்படித்தான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. எதற்கும் பணியாத பிள்ளை.

ஆனால் 'இரும்புப் பெட்டி' என்று ஒரு பாட்டு வந்தது. "இரும்புப் பெட்டியில என்னப் பூட்டினான் எங்கப்பன்" என்று ஆரம்பிக்கும். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா தன்னை இருட்டில் அடைத்து வைத்தார் என்று அவன் அடிவயிற்றிலிருந்து அலறுவான். அரங்கமே கூடச் சேர்ந்து அலறும். பேட்டிகளிலும் அதையே சொன்னான். எங்கே திரும்பினாலும் அந்தப் பாட்டுதான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு மகளோடுதான் இருந்தார். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வீட்டுச் சுவரில் அந்தப் பாட்டின் முதல் வரியைச் சிவப்புப் பெயிண்டில் யாரோ எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா உள்ளே போய்ப் பழைய துணி ஒன்றை எடுத்துவந்தார். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"நல்ல பெயிண்டும்மா. போவேனாங்குது" என்றார், அவ்வளவுதான்.

அக்கா இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று தேய்த்தாள். அவளுக்குத் தெரிந்த கதையே வேறு. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம் அப்பா தம்பியை வேலைக்குக் கூட்டிப் போயிருந்தார். ரிப்பேரில் இருந்த லிஃப்டுக்குள் அவன் சொல்பேச்சுக் கேட்காமல் நுழைந்துவிட்டான். அது இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. அப்பா கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாத. பாடிக்கிட்டே இரு, அப்பாவுக்கு உன் சத்தம் கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்த்து அவனை வெளியே எடுத்தார். அவன் பாடிய முதல் கச்சேரியே அதுதான் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பூட்டவுமில்லை, அடைக்கவுமில்லை.

"அவன் பாட்டு எழுதினா நான் புத்தகம் எழுதுறேன்" என்று அக்கா முடிவு செய்தாள்.

எழுதிப் பழக்கமில்லை. ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாய் திறக்காமல் இருக்கத் தெரியும். அது அவள் தொழில். தம்பியோடு ஆரம்பத்தில் கிட்டார் வாசித்தவர் இப்போது வீட்டு மனை விற்றுக்கொண்டிருந்தார். அவரைப் போய்ப் பார்த்தாள். அவனோடு வாழ்ந்து பிரிந்த மனைவியைப் பார்த்தாள். அவனை வெளியே அனுப்பிய தலைமையாசிரியரைப் பார்த்தாள். நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. தொண்டை கட்டிக்கொண்ட நிலையிலும் சிறைக் கைதிகளுக்குப் பாடிவிட்டு வந்ததை எழுதினாள். டிரம்ஸ்காரரின் மண்டையில் மைக்கால் அடித்ததையும் எழுதினாள்.

சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்திக்கொண்டிருந்த அம்மாள் கைப்பிரதியை ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "தம்பிகிட்ட அனுமதி வாங்குனீங்களா?"

"அப்பாவைப் பத்திப் பாட அவன் யார்கிட்ட அனுமதி வாங்கினான்?"

"அது போதும் எனக்கு" என்றார் அந்த அம்மாள். அட்டையிலேயே 'அனுமதி பெறாத வாழ்க்கை வரலாறு' என்று கொட்டை எழுத்தில் போடலாம் என்றும் அவரே சொன்னார்.

செய்தி கசிந்தது. தம்பியின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. புத்தகம் வெளிவந்தால் கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம் என்று இருந்தது. யாராலும் என் வாயை மூட முடியாது என்று ஊர் ஊராகப் பாடிச் சம்பாதித்தவன், அக்காவின் வாயை மூட ஆள் அனுப்பியிருந்தான். பதிப்பாளர் அம்மாள் அதைப் படித்துச் சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா. மருத்துவமனைக்குப் போன் போட்டு, எடுத்ததும் கிட்டாரை அலறவிட்டார்கள். வாசலில் நின்று கூச்சல் போட்டார்கள். காது கேட்காத பெரியவர் ஒருவர் மட்டும், "என்ன, வாசல்ல ஏதாவது விசேஷமா?" என்று விசாரித்துக்கொண்டு நிம்மதியாக உள்ளே வந்தார். டாக்டருக்கு வியர்த்துவிட்டது.

"கொஞ்ச நாள் லீவு போடுங்களேன்மா. எல்லாம் ஆறட்டும்."

"நான் தப்பு ஒண்ணும் பண்ணல டாக்டர். லீவு போட்டா பண்ண மாதிரி ஆயிடும். வேணும்னா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. அதையும் புத்தகத்துல எழுதிடறேன்."

டாக்டர் கும்பிடு போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே, மதியம் மருத்துவமனை காலியாக இருந்த நேரத்தில், தொப்பியும் முகக்கவசமுமாக ஒருவன் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்த விதத்திலேயே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட வரலக்கா. அந்தப் புத்தகத்தை விட்டுடு."

"அந்தப் பாட்டை நீ விடுவியா?"

"அது என் வாழ்க்கை."

"அதுக்குள்ள நம்ம அப்பாவும் இருக்காரே. எனக்கும் அதுல பங்கு இருக்கு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கவனம் வேறெங்கோ போயிருந்தது. அவள் பேசும்போதெல்லாம் அவன் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாளெல்லாம் இதையே பார்க்கிறவள், கண்ணுக்குத் தப்புமா.

"இடது காது கேக்கலையா உனக்கு?"

"கேக்குதே."

"பொய் சொல்லாத. எழுந்திரு. உள்ள போய் உக்காரு."

ஊரையே எதிர்த்து நின்றவன் அக்கா அதட்டியதும் எழுந்து போய் உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டிவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைப் பிடித்திருந்தான். வலது காதில் மேடைச் சத்தம் தன் வேலையைக் கொஞ்சம் காட்டியிருந்தது. இடது காதுக்கு ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். அவன் விரல் அசையவில்லை. இன்னும் கூட்டினாள். பிறகுதான் அசைந்தது.

வெளியே கூட்டிவந்து விளக்குக் குழலை இடது காதில் வைத்து உள்ளே பார்த்தாள். செவிப்பறையில் ஒரு பெரிய தழும்பு. எப்போதோ கிழிந்து, தப்பும் தவறுமாக மூடிக்கொண்டது. பாட்டுச் சத்தத்தில் இப்படி ஆகாது.

"இது அடி" என்றாள்.

"ஆமா."

"யாரு?"

"நீதானே எங்கதை எழுதுறவ. நீயே கண்டுபிடி." அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். வாசல்வரை போனவன் நின்றான். "காது விஷயம் வெளிய போச்சுன்னா ஒருத்தனும் என்னை மேடையேத்த மாட்டான். இதையும் எழுதுவியா?"

"இங்க நீ நோயாளி. இந்த அறையில பாத்ததை எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன், பேப்பர்லயும் போட மாட்டேன். ஆனா வெளிய நடந்ததை எழுதுவேன். அதை உன்னால தடுக்க முடியாது."

அவள் வீட்டுக்குப் போனபோது அப்பா சமையலறைக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தம்பி வந்ததைச் சொல்லவில்லை.

"லிஃப்டை விட்டு வெளிய எடுத்தீங்களே, அப்புறம் என்ன நடந்துச்சு?"

அப்பா கதவை முன்னும் பின்னும் ஆட்டினார். அது சத்தம் போடாமல் ஆடியது. அவள் காத்திருந்தாள்.

"ஓங்கி ஒண்ணு விட்டேன்" என்றார் கடைசியில். "காதோட சேத்து. ரத்தம் வந்துச்சு. நானே டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடினேன். உங்கம்மாகிட்ட காதுல கட்டின்னு சொன்னேன். அவன்கிட்டயும் அப்படியே சொல்லச் சொன்னேன். சொன்னான், பாவம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவன்மேல கை வெச்சதே இல்ல. கிட்டக்கூட போகல. பயமா இருந்துச்சு."

"இத்தனை நாளா என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"நீ எம்பக்கம் நின்னே. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

அக்கா பையை அப்போதுதான் கீழே வைத்தாள். அப்பாவின் பேரைக் கழுவத்தான் இவ்வளவும் எழுதினாள். ஊர் சுவரில் கிறுக்கியதும் முழுப் பொய் இல்லை; அவள் எழுதி வைத்திருந்ததும் முழு உண்மை இல்லை. அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்ன கதையின் மறுபாதியை ஒரு சின்னப் பிள்ளை தனியாக, வாயைத் திறக்காமல் சுமந்திருக்கிறான். பெரியவனானதும் அதற்குப் பெட்டி, பூட்டு என்று வேறு பேர் வைத்து அலறியிருக்கிறான்.

"அதை எழுதாதம்மா" என்றார் அப்பா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவனும் எழுதாதேங்கறான், நீங்களும் எழுதாதேங்கறீங்க. பேசாம ரெண்டு பேரும் ஒரே வக்கீலை வெச்சுக்குங்க."

"விளையாடாத."

"விளையாடலப்பா. அடிச்சதை விட்டுட்டு எழுதினா நானும் அவனை மாதிரிதான். நீங்க அரக்கன் இல்ல. ஆனா அடிச்சீங்க. ரெண்டும் இருக்கும். வேண்டாம்னா என்மேல கேஸ் போடுங்க."

அக்கா லிஃப்ட் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். மருத்துவமனை அறையில் பார்த்தது எதுவும் அதில் இல்லை. அப்பா வாயால் சொன்னது மட்டும். எழுதி முடித்ததைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தத் தாள்களோடு உட்கார்ந்திருந்தார்.

"'பயத்துல அடிச்சார்'னு போட்டிருக்க" என்றார்.

"பயம்தானே?"

"பயம்தான். ஆனா கோபமும் இருந்துச்சு. சொன்ன பேச்சு கேக்கலையேன்னு. எழுதறதுன்னா அதையும் சேத்து எழுது. எனக்குச் சலுகை வேணாம்."

சேர்த்து எழுதினாள்.

புத்தகத்துக்குத் தடை கேட்டுத் தம்பியின் வக்கீல் கோர்ட்டுக்குப் போனார். அவனைப் பொய்யன் என்று புத்தகம் அவமானப்படுத்துவதாக வாதாடினார். நீதிபதி அந்தப் பாட்டு வரியை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்தார். "அப்படின்னா இவங்க அப்பா நிஜமாவே இவரைப் பெட்டியில பூட்டினாரா?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "அது பாட்டு ஐயா. கற்பனை."

"எங்களுக்கும் அதுதான் வேணும்" என்று பின்வரிசையிலிருந்து பதிப்பாளர் அம்மாள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. நீதிபதி அவரை எச்சரித்துவிட்டு, தடையை மறுத்தார்.

மறுநாள் பேப்பர்களில் 'கற்பனை' என்ற சொல்தான் தலைப்பு. புத்தகமும் கடைக்கு வந்தது. தம்பிக்கு வந்த கோபத்தில் அடுத்த கச்சேரியில் புத்தகத்தைக் கிழித்து எறிந்தான். அதைப் பார்த்தவர்கள் அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று போய் வாங்கினார்கள். இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் வக்கீல் நோட்டீசையும் ஒரு எழுத்து விடாமல் சேர்த்தார்கள். அப்பாவைக் காட்டிக்கொடுத்த மகள் என்று சொந்தக்காரர்கள் திட்டினார்கள். அப்பாவுக்கு வெள்ளையடிக்கிறாள் என்று ரசிகர்கள் திட்டினார்கள். அக்கா இரண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "முழுசாப் படிச்சுட்டு வந்து திட்டுங்க."

தம்பி அந்தப் பாட்டை விடவில்லை. ஒரு வரிகூட மாற்றாமல், முன்னைவிட உரக்கவே பாடினான். அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வரவுமில்லை. அப்பா ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் இப்போது அணைப்பதில்லை. கடைசிவரை கேட்பார்.

ஆனால் ஒரு மதியம், மருத்துவமனை காலியாக இருந்த நேரம், தொப்பியும் முகக்கவசமும் மறுபடி வந்து நின்றன. அக்கா ஒன்றும் கேட்காமல் உள்ளே உட்காரவைத்துச் சோதித்தாள். அச்சு எடுப்பதற்காக அவன் இடது காதுக்குள் மென்களிம்பை விட்டாள். கேட்க உதவும், வெளியே தெரியாத சின்ன மெஷின், காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் என்று சொன்னாள்.

"நான் மேல்முறையீடு பண்ணப் போறேன்" என்றான் அவன், களிம்பு இறுகும்வரை தலையைச் சாய்த்தபடி.

"தாராளமா பண்ணு. தலையை ஆட்டாத."

"ஜெயிக்காம விட மாட்டேன்."

"நானும்தான். வெள்ளிக்கிழமை மெஷின் வந்துடும். வந்து மாட்டிக்க."