மறுகூட்டலில் தேறிய படம்

பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த மகள், பையை இறக்கி வைத்த கையோடு எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். புதிதாக வந்திருக்கும் குடும்பச் சிரிப்புப் படத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று பேத்திகள் இருவரும் ரயிலில் பதிமூன்று மணி நேரம் நச்சரித்திருக்கிறார்கள். மூத்தவளுக்குப் பத்து வயது. இளையவளுக்கு ஆறேமுக்கால். படத்தின் சான்றிதழோ ஏழு வயதுக்கு மேல் என்கிறது.

"மூணு மாசந்தான கொறையுது?" என்றேன்.

"மூணு மாசமில்லப்பா விஷயம். போன லீவுக்கும் குடும்பத்தோட பாக்கலாம்னுதான் சொன்னாங்க. பாதிப் படம் ரெண்டு பிள்ளையளுக்கும் கண்ணப் பொத்திக்கிட்டே உக்காந்திருந்தேன். எனக்கு இருக்கது ரெண்டு கை. காதை யாரு பொத்துவா? மொதல்ல நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. நீங்க சொன்னாச் சரி."

இதைச் சொல்லிக்கொண்டே பேத்திகளுக்கு ஆளுக்கு இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்து, மீதியை எண்ணிப் பார்த்து, பாக்கெட்டை மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்.

நான் முப்பத்தொரு வருஷம் கணக்கு விடைத்தாள் திருத்தியவன். 'நீங்க சொன்னாச் சரி' என்ற பிறகு சும்மா இருக்க முடியுமா? பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன். குடி, அடி, அசிங்கப் பேச்சு. ஓட்டு எண்ணுகிற மாதிரி நாலு கோடு, குறுக்கே ஒன்று. பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். இங்கே முப்பத்தைந்தைத் தாண்டினால் பெயில். மகளும் சம்மதித்தாள்.

மறுநாள் கல்லிடைக்குறிச்சியில் பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி, அம்பாசமுத்திரத்தில் காலைக் காட்சிக்குப் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒத்தையிலயா வந்திய? பேரப்பிள்ளைய எங்க?" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"பின்னால வருவாங்க."

"படம் போடப் போறோமே?"

"நாளைக்கி வருவாங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, வழியில் படி இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றார். ஆறு படி.

பக்கத்து இருக்கையில் என் வயதுக்காரர் ஒருவர் மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு இருந்தார். "என்னவே, இருட்டுக்குள்ள கோடு போடுதீரு?"

"எண்ணுதேன்."

"எதை?"

"அடி விழுதத."

"நமக்கு விழுந்ததயே நாம எண்ணல. பேசாம படத்தப் பாரும்வே."

படத்தில் நாலு அண்ணன் தம்பி, ஒரு கல்யாணம், காணாமல் போன ஆடு. மாப்பிள்ளை சாணிக் குழியில் விழுந்ததை அடியில் சேர்ப்பதா என்று யோசித்து, காயமில்லாததால் விட்டுவிட்டேன். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இடைவேளைக்குப் பிறகுதான் வினை. அந்த வீட்டுத் தாத்தா வருகிறார். முறுக்கு டப்பாவின் மூடியில் எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறார். மத்தியானத் தூக்கம் கலைந்ததும் திறந்து எண்ணுகிறார். ஒன்று குறைந்தாலும் வீடு முழுக்க வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். தியேட்டர் அதிர்ந்தது. பக்கத்து ஆள் கண்ணீர் வழியச் சிரித்து என் தொடையில் ஓங்கி அடித்தார். பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு கோடு போட்டு, பிறகு அழித்தேன்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டு அப்பள டப்பாவின் மூடியில் பென்சிலால் 58 என்று எழுதியிருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

திரும்பும் பஸ்ஸில் கூட்டினேன். குடி எட்டு, அடி பதினேழு, அசிங்கப் பேச்சு ஒன்பது. முப்பத்து நான்கு. பஸ் பாலத்தில் ஏறும்போது, மொத்தம் என்ற இடத்தில் 43 என்று எழுதினேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு விடைத்தாளிலும் எனக்குக் கூட்டல் தப்பியதில்லை. அன்றும் தப்பவில்லை. தெரிந்தேதான் எழுதினேன். படம் பார்த்துவிட்டு வந்து பேத்திகள் இரண்டு பேரும் அப்பள டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். மிச்ச ஆயுளுக்கும் நான் முறுக்குத் தாத்தாதான்.

"பெயில். நாப்பத்திமூணு," என்றேன். இளையவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "அழாத. மணிமுத்தாறு அருவிக்குப் போவோம்."

"நாலு வாட்டி போயாச்சு தாத்தா," என்ற மூத்தவள், பத்திரிகைக்குக் கை நீட்டினாள். "நான் மறுகூட்டல் போடுறேன். நீங்கதானே சொல்லுவீங்க, எதையும் ரெண்டு வாட்டி கூட்டணும்னு."

விரல் விட்டுக் கூட்டினாள். "முப்பத்திநாலு. பாஸ்!"

மகள் வாங்கிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் முகத்தில் வந்தது கவலை. "உங்களுக்கா கூட்டல் தப்புது? கண் டாக்டரப் பாத்து எத்தன நாளாச்சுப்பா?"

கள்ளக் கணக்கு எழுதினேன் என்பதைவிடக் கண் கோளாறு மேல். "இலக்கம் இடம் மாறிப் போச்சு," என்றேன். "ஏழு மாசமாச்சு."

மறுநாள் நாலு பேரும் போனோம். நான் திரையைப் பார்க்கவில்லை. பேத்திகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா டப்பாவின் மூடியைத் திறந்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. இளையவள் இருக்கையின் மேல் ஏறி நின்றாள்.

"அக்கா, அங்க பாரேன்! அம்மா பிஸ்கட் எண்ணுற மாதிரியே எண்ணுறாரு!"

"ஆமாடி! நாம போன எடுத்தா இருபது நிமிஷம்னு நோட்டுல எழுதுவாங்கல்ல, அதே மூஞ்சி!"

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்தாள்.

"சிரிக்காதிய. இது யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"நான் எங்க சிரிச்சேன்மா?"

"சிரிச்சிய. மூணு தடவ. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

நாலு தடவை. நான் திருத்தவில்லை.