ஞானம்மாளுக்குக் குறைத்த காற்று

சைக்கிள் கடைக்காரன் இலவசமாகக் கொடுத்து, திட்டும் வாங்கிக்கொள்கிற ஒரே சரக்கு காற்று. எழுபதுகளில் நான் தேயிலை எஸ்டேட்டுகள் சூழ்ந்த வண்டிப்பெரியாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். அந்த நாளில் கப்பி ரோட்டில் வாடகை சைக்கிள் மிதித்து இடுப்பு கழன்றவர்கள் உங்களில் இருந்தால், பொறுத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் வலியில் எனக்கும் பங்கு உண்டு.

பெருவிரல் சோதனை

வாடகைக்கு வருகிறவர் பிரேக்கைப் பார்க்க மாட்டார், பெல்லைப் பார்க்க மாட்டார். நேரே டயரைப் பெருவிரலால் அமுக்குவார். கொஞ்சம் அமுங்கிவிட்டால் நான் ஏமாற்றுக்காரன். அதனால் எல்லா டயரிலும் கல்லு மாதிரி காற்றடித்து வைப்பேன். டயரோ ஒல்லி. எஸ்டேட் ரோட்டின் ஒவ்வொரு ஜல்லியும் நேராக முதுகெலும்பில் ஏறும். ஒருமுறை கணக்கப்பிள்ளை ஒருவர் போய்வந்து, சைக்கிளை ஒப்படைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னார். "சைக்கிள் நல்லாத்தான்யா இருக்கு. நாந்தான் ரெண்டு நாளைக்கு உக்கார முடியாது."

முட்டை

செல்லையா எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாக முட்டை விற்பவர். கூடையில் வைக்கோல் போட்டும் தினம் பத்து முட்டையாவது உடையும். ஒருநாள் என் கண்ணெதிரிலேயே, வாடகைக்கு எடுத்த சைக்கிளின் பின் டயரில் பாதிக் காற்றை இறக்கினார். டியூப் போனால் நீர்தான் பொறுப்பு என்று சத்தம் போட்டேன். சாயங்காலம் வந்தார். டியூபுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு முட்டைகூட உடையவில்லை. பத்து வருஷத் தொழில்காரன் நான், எப்படி என்று அவரிடமே கேட்டேன். "காத்தைக் குறைச்சா கல்லு டயரோட நின்னுரும் அண்ணாச்சி. முட்டை வரைக்கும் வராது," என்றார்.

அந்தோணி

அந்தோணி தேயிலைக்கு மருந்தடிக்கிறவன். மனைவி ஞானம்மாளுக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. காலை பஸ் போய்விட்டது, எஸ்டேட் லாரியும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக சைக்கிள் கேட்டு ஓடிவந்தான். குலுங்கக் கூடாது, காற்றைக் கொஞ்சம் குறைத்துத் தாருங்கள் என்றான். நான் முட்டையை நினைத்தேன். அதே ஒல்லி டயரில் அதே அளவு இறக்கிக் கொடுத்தேன். முட்டைக் கூடை எவ்வளவு கனம், பின்னால் ஓர் ஆள் எவ்வளவு கனம் என்று யோசிக்கவில்லை.

அவளை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் ஒரு பள்ளம். சக்கரம் இறங்கியதும் டயர் நசுங்கி ரிம் கல்லில் மோத, இடையில் சிக்கிய டியூப் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது. மீதி இரண்டு மைல் அவளைக் கைத்தாங்கலாக நடத்தியே கூட்டிவந்தான். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. நடந்ததால்தானா என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் அந்தோணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். திட்டட்டும் என்று தலைகுனிந்து நின்றேன். "காத்தைக் குறைக்கச் சொன்னது நாந்தானே அண்ணாச்சி," என்றான்.

அகல டயர்

அப்படிச் சொன்னதற்குப் பதில் அவன் என்னை அடித்திருக்கலாம். பால் கேன் கட்டுகிற சைக்கிளுக்கு வரும் அகல டயரும் அதற்கேற்ற ரிம்மும் வாங்கி, ஒரு சைக்கிளில் மாட்டினேன். மட்கார்டைத் தூக்கிக் கட்டினால்தான் உரசாமல் ஓடியது. அகல டயரில் காற்று குறைவாக இருந்தாலும் கனத்தைத் தாங்கும். கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் தவிர அதைக் கொடுப்பதில்லை.

அடுத்த வருஷம் ஞானம்மாளுக்கு மாதம் நிறைந்திருந்தபோது அந்தோணி வந்தான். டயரை அமுக்கினான். விரல் உள்ளே போனது. அவன் முகம் வெளுத்துவிட்டது. "நீ மிதிடே. நான் பின்னால உக்காருதேன்," என்று கேரியரில் பெண்பிள்ளை மாதிரி ஒருக்களித்து உட்கார்ந்தேன். நான் அவளைவிடக் கனம். கடைத்தெரு சிரித்தது. அதே பள்ளத்தில் மூன்று தடவை இறக்கச் சொன்னேன். ரிம் கல்லைத் தொடவில்லை.

மறுநாள் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். சில நாள் கழித்துப் பெண் குழந்தையோடு திரும்பும்போது, கடை வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். ரொம்பக் குலுங்கியதா என்று கேட்டேன். "போகும்போது, ரோடு போட்டுட்டாங்களோன்னு நெனச்சேன் அண்ணாச்சி," என்றாள்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு முன்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் இந்தத் தொழில். அதைக் கற்க எனக்கு அடுத்தவர் குழந்தை ஒன்று போக வேண்டியிருந்தது.