கம்பளிக் கோட்டுக்குச் சிவப்பு அட்டை

என் அலமாரியில் ஒரு கம்பளிக் கோட்டு தொங்குகிறது. அதன் பொத்தான் துளையில் ஒரு சிவப்பு அட்டை: ‘நிராகரிக்கப்பட்டது.’ எங்கள் மின்னணுத் தொழிற்சாலையில் பழுதான உதிரிபாகங்களுக்குக் கட்டுகிற அட்டை அது. கோட்டுக்குத்தான் கட்டினார்கள், எனக்கல்ல என்று மனைவியிடம் இன்றுவரை வாதாடுகிறேன். அவள் நம்புவதாக இல்லை.

கட்டியவர் எங்கள் ஸ்டோர்ஸ் மேடம். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். அவர் தமிழில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்: ஏன் என்பதற்கு ‘கைக்கு’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’. யார் கையெழுத்தோடு வந்தாலும், பிரித்துப் பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடக் கிடங்குக்குள் விடமாட்டார். எண்பதுகளில் இலங்கைச் சண்டையில் வீடிழந்த தமிழர்கள் தோணி தோணியாக ராமேசுவரம் கரையில் வந்திறங்கிய நேரம். மண்டபம் முகாமில் பணிசெய்த அவருடைய தங்கை, ஒரு கன்னியாஸ்திரி, எழுதியிருந்தார்: புதிதாக வந்த அறுபது குடும்பங்களிடம் உடுத்திய துணியைத் தவிர ஒன்றுமில்லை, கஞ்சி காய்ச்சப் பாத்திரம்கூட இல்லை. பொருள்கள் சேர்த்து அனுப்பும் வேலையை மேடம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என் பங்குக்குக் கோட்டைக் கொடுத்தேன். மாமனார் கல்யாணத்துக்குத் தைத்துத் தந்தது. போட்டால் மழையில் நனைந்த கரடி மாதிரி இருப்பேன். தர்மமும் ஆயிற்று, கரடியும் ஒழிந்தது என்று நினைப்பு. மேடம் அதைத் தூக்கிப் பார்த்தார். “கைக்கு தம்பி இது? மண்டபம் வெயில்ல இதைப் போட்டுக்கிட்டு நீங்க போய் நிக்கிறீங்களா?” அட்டை விழுந்தது. கிழிந்த பட்டுக்கும் ஒற்றைச் செருப்புக்கும்கூட விழுந்தது. “நம்ம வீட்டுக் குப்பையைக் கொட்ட அவங்கதான் கிடைச்சாங்களா? நக்கோ!”

போன மானத்தை மீட்க, பெட்டி கட்டும் பொறுப்பைக் கேட்டு வாங்கினேன். மாதா கோயில் கூடத்தில் பொறியாளர்கள் ஐந்து பேர் மூன்று மாலை உழைத்தோம். கிடங்கு முறைப்படி பானை தனி, மூடி தனி, கரண்டி தனி, அரிசி, உப்பு, தீப்பெட்டி தனித்தனி. பெட்டிக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பட்டியல். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மதுரை லாரி. எங்கள் ஊர் சனத்நகரில் லாரி வைத்திருந்த ஒருவர் இலவசமாகத் தந்தது. அதை விட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்து.

அன்று காலைப் பூசை முடிந்து மேடம் வந்தார். பாராட்டுக்காக நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

“அழகா இருக்கு. இப்ப ஒரு பொண்ணு, இடுப்புல குழந்தை, கஞ்சி வைக்கணும். எத்தனை பெட்டி திறக்கணும்?”

விரல்விட்டு எண்ணினேன். “ஆறு, மேடம்.”

“அறுபது பொண்ணுங்களும் ஆறு பெட்டி முன்னால முண்டியடிக்கணுமா? பிரிங்க.”

“மூணு மணிக்கு லாரி, மேடம்!”

“ஹவ், தெரியும். அதனாலதான் நின்னு பேசாதீங்கன்றேன்.”

பிரித்தோம். கூடம் முழுக்க அறுபது போர்வைகளை விரித்தார். பூசை முடிந்து வெளியே வந்தவர்களை வாசலிலேயே மடக்கி, ஆளுக்கொரு பொருளைக் கையில் கொடுத்து, வரிசையாகப் போர்வைகளில் வைத்துக்கொண்டே நடக்கச் சொன்னார். ஒரு போர்வை, ஒரு குடும்பம், ஒரு அடுப்பு. லாரிக்காரர் ஹாரன் அடித்தபோது முப்பது மூட்டைகூட முடியவில்லை. மேடம் அவருக்கு டீ கொடுத்துக் கையில் கயிற்றையும் கொடுத்தார். என் முடிச்சுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, லாரிக்காரரே எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டினார். கடைசிப் பானைக்கு மூடி இல்லை. மேடம் ஃபாதரின் சமையலறைக்குள் போய் ஒன்றோடு வந்தார். கேட்டு எடுத்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. நாலரைக்கு லாரி கிளம்பியது.

தங்கையின் அடுத்த கடிதத்தை மேடம் கேன்டீன் வரிசையில் நின்றே படித்துக் காட்டினார். மூட்டைகள் வந்திறங்கிய சாயந்திரமே அறுபது அடுப்பும் எரிந்தனவாம். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு விரல்களை மட்டும் காட்டினார்.

மேடம் காலமாகிப் பல வருடங்கள். இப்போது வேறொரு நாட்டுச் சண்டைக்குத் தப்பியவர்கள் எங்கள் ஊருக்கே வந்து தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். போன வாரம் எங்கள் குடியிருப்பின் செயலாளர் ‘பாத்திரம்’, ‘துணி’, ‘மளிகை’ என்று பெட்டிகளில் அழகாக எழுதி அடுக்கியிருந்தார். ஒரு பெண் கஞ்சி வைக்க எத்தனை பெட்டி திறக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறோம். சந்தடி சாக்கில் மனைவி அந்தக் கோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அட்டையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன்.