மூக்கும் முழியும் தெரியாத படம்

எங்கள் ராஜபாளையத்தில் நாய் தொலைந்தால் அடையாளம் சொல்வது எத்தனை கஷ்டம் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, ஒட்டிய வயிறு என்று சொன்னால், "எங்க வீட்டு நாயும் அப்படித்தான்" என்பார்கள். எங்கள் வெள்ளச்சியும் அப்படித்தான் இருந்தாள். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, அவளையும் கூட்டிப்போக வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். வேட்டுச் சத்தத்தில் மிரண்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவள் திரும்பவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நோட்டீஸ் ஒட்டலாம் என்றால் வீட்டில் இருந்தது ஒரே படம். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா எடுத்தது. கேமரா வாங்கியதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளச்சி அய்யனார் கோவில் ஓடையைத் தாண்டும்போது பிடித்த படம் அது. தண்ணீர் சிதறியிருக்கும். பின்னங்கால் இரண்டும் ஒரு பக்கமாக வீசியிருக்கும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏலே, இதுல நாய் எங்கிட்டு இருக்கு?"

"பாய்ச்சல் இருக்குல்லண்ணே. அதான் கலை."

"தொலைஞ்சது நாய்லே, கலை இல்ல. போட்டோன்னா மூக்கும் முழியும் தெரியணும்."

நான் அப்பா கட்சி. ஒரு முகத்தை எடுக்கத் துப்பில்லாத சித்தப்பா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளச்சியோடு ஒரே ஈற்றில் பிறந்த நாய் அடுத்த வீட்டில் இருந்தது. ஸ்டூடியோக்காரரை வரவழைத்து அதைப் பளிச்சென்று ஒரு படம் எடுத்து, நோட்டீஸ் அடித்து இரண்டு ஊரிலும் ஒட்டிவிட்டார். போன் ஓயவில்லை. போய்ப் பார்த்த இடமெல்லாம் வெள்ளை நாய், ரோஸ் மூக்கு, எதுவும் எங்களுடையதில்லை. கடைசியில் ஒருவர் மூச்சிரைக்க ஒரு நாயைக் கயிற்றில் இழுத்துவந்து வாசலில் நிறுத்தி, நோட்டீஸில் இருப்பது இதேதான் என்று சத்தியம் செய்தார். தாராளமாகச் செய்யலாம். அது அடுத்த வீட்டு நாய். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சித்தப்பா தன் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்னையும் பைக்கில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அப்பா கேட்டதையே கேட்டார்கள். ஊருக்கு வெளியே மாடு ஓட்டிவந்த ஓர் அம்மாள் மட்டும் வாங்கிப் பார்த்ததுமே சிரித்தார்.

"இது எங்க வாய்க்காலைத் தாண்டுற கழுதையில்ல? இப்படித்தான் பின்னங்காலை வீசும்."

"மூஞ்சியே தெரியல, எப்படிச் சொல்றீக?" என்றேன்.

"மூஞ்சிய யாரு ஏட்டி பாத்தா? அது செத்த நேரம் நின்னாத்தான!"

வாய்க்கால் கரையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அக்கரைப் புதரிலிருந்து ஒரே தாவலில் வந்து, என்னைச் சேற்றில் உருட்டி, முகமெல்லாம் நக்கினாள் வெள்ளச்சி. அந்தச் சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

மறுநாள் அப்பா சொன்னபடி சித்தப்பா வெள்ளச்சியைச் சுவரோரம் கட்டிப்போட்டு, அசையாமல் நிற்கவைத்து, ரோஸ் மூக்கு பளபளக்க ஒரு படம் எடுத்தார். அதை அப்பா சட்டம் போட்டு மாட்டியபோது சித்தப்பா ஏன் அப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார் என்று எனக்கு விளங்கவில்லை. நாயைக் காட்டிக்கொடுத்தது அந்த மாட்டுக்கார அம்மாள்தானே, படத்துக்கு அதில் என்ன பங்கு? சித்தப்பாவுக்கு ஒருவழியாகப் போட்டோ எடுக்க வந்துவிட்டதே என்று நான் கைதட்டினேன்.