தரையில் விழாத அம்புமுனை

விஜயதசமி மாலையில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கோயிலிலிருந்து அம்மன் வேட்டைக்குப் புறப்படுவாள். ரயில் பாதையை ஒட்டிய லாலாங் புல்வெளியில் ஒரு வாழைமரம் நட்டிருப்பார்கள். அம்மன் சார்பாகக் குருக்கள் அதன்மேல் ஓர் அம்பை எய்வார். அது தைத்து நின்றால் அந்த ஆண்டு நல்லபடியாகக் கழியும் என்பது நம்பிக்கை. அம்பைச் செய்து தருபவர் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த என் கணவர்.

தண்டு பிரம்பு. முனை அவரே அடித்த இரும்பு; சுண்டுவிரலின் முதல் கணு அளவுதான் இருக்கும். அதன் பின்புறம் தண்டு நுழைய ஒரு சிறு குழல். குங்கிலியத்தைப் பொடித்து, தேன்மெழுகு சேர்த்து, தகரக் குவளையில் உருக்குவார். முனையைக் குறட்டால் பிடித்துச் சூடுகாட்டி, தண்டின் நுனியைப் பசையில் தோய்த்துக் குழலுக்குள் செருகி, ஒரு திருகு திருகுவார். ஆறிய பிறகு இழுத்துப் பார்த்துவிட்டு, "பிரம்பு முறிஞ்சாலும் இது வராது" என்பார்.

கூர்முனை வெறுமையாக ஊர்வலத்தில் போகக் கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றில் அதை முழுவதும் புதைத்துக் குங்குமம் அப்பிக் கொண்டுபோவார்கள். எய்வதற்கு முன் குருக்கள் பழத்தை உருவி நீட்டுவார். கருவுற்ற பெண் ஒருத்தி அதை மடியில் ஏந்திக்கொள்வாள். நான் முதல் முறை கருவுற்றிருந்த ஆண்டில் அது எனக்குக் கிடைத்தது.

அன்று தீவட்டிப் புகையில் அம்பு பறந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. வாழைமரத்தில் மோதிய சத்தம் மட்டும் மொத்தென்று கேட்டது. ஓடிப்போய் எடுத்து வந்தவரின் கையில் முனையில்லாத பிரம்பு இருந்தது. மேளம் நின்றுவிட்டது. ஆண்கள் தீவட்டியோடு புல்லை விலக்கித் தேடினார்கள். முனை கிடைக்கவில்லை.

பழத்தைச் சிவப்புத் துணியில் முடிந்து வாசல் நிலைக்கு மேலிருந்த ஆணியில் கட்டினேன். கண்ணேறு படாமலிருக்க எல்லோரும் செய்வதுதான். இருபத்துமூன்றாம் நாள் என் குழந்தை வயிற்றிலேயே போயிற்று.

எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் அடுத்த வீட்டு அக்கா நல்லவள், வாய்தான் நிற்காது; மலாய்க்காரர்களைப்போல 'லா' போட்டுத்தான் பேசுவாள். எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவள், வாசலில் யாரிடமோ சொன்னது சுவர் வழியே கேட்டது.

"முனை கீழ விழல லா. விழுந்திருந்தா இத்தன பேரு கண்ணுல படாம போவுமா? அது இன்னும் பறந்துக்கிட்டுத்தான் இருக்கு. முதல்ல எங்க தைச்சிச்சுன்னு பாத்தீங்கல்ல?"

என் கணவரும் அதைக் கேட்டார். மறுநாளிலிருந்து அவர் மாலையில் என் அருகே உட்காருவதை நிறுத்திவிட்டார். பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிய பெரிய லாடக் காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் புல்வெளி முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தார். போல்ட்டுகள் வந்தன, ஆணிகளும், ஒரு கொண்டை ஊசியும் வந்தன. இருட்டும் நேரத்தில் காந்தத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, தாழ்ந்த நிலைக்குத் தலை குனிந்து உள்ளே வருவார். "என் கைதான் சரியில்ல" என்பார்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். அவர் நிலையைக் கடக்கும்போது சிவப்பு முடிச்சு மெல்ல அவர் பக்கம் சாயும். காற்றில்லாத நாளிலும் சாயும். அக்கா வந்தால் அது அசையாது. நான் எத்தனை முறை போய்வந்தாலும் அசையாது. அவர் வரும்போது மட்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் திரும்பும். அம்மனின் பழம் ஆளை அடையாளம் காட்டுகிறது என்று நினைத்தேன். படித்த பெண்தான் நான். பட்டணத்திலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகளை விளம்பரம் விடாமல் வாசிப்பவள். ஆயினும் அந்த நேரம் நெருங்கினால் அடுப்படிக்குப் போய்விடுவேன், அதைப் பார்க்காமலிருப்பதற்காக. அவரிடம் சொல்லவுமில்லை. சொன்னால் அவர் அந்த வீட்டிற்குள்ளேயே வரமாட்டார் என்று தோன்றியது.

அடுத்த ஆண்டு நவராத்திரியில் நான் மறுபடி ஐந்து மாதம். முனை இந்த முறையும் நிற்காவிட்டால் இந்தக் குழந்தையும் தங்காது என்று அவர் உறுதியாக நம்பினார். பசையை மூன்று முறை காய்ச்சி மூன்று முறை கொட்டினார். போன ஆண்டு வாங்கிய குங்கிலியத்தில் கலப்படம் என்றார். பிறகு அதுவுமில்லை, கைதான் என்றார். அம்பு செய்யும் வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிக் குருக்களிடம் போய் நின்றார்.

"ஏம்பா, தப்புனது ஒருதரம்தானே? நீயே செய். அம்பாள் பாத்துப்பா" என்று குருக்கள் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆயுதபூஜை அன்று காலை அவர் பட்டறைப் பூஜைக்குப் போயிருந்தார். முந்தைய ஆண்டைப் போலவே அவருடைய சுத்தியல், அரம், ஸ்பானர், புதிய அம்புமுனை எல்லாவற்றையும் நான் பலகையில் வரிசையாக வைத்தேன். காந்தத்தையும் வைத்தேன், அதுவும் ஆயுதம்தானே. நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, புதுப்பழம் வருவதற்குள் பழையதை அகற்றலாமென்று முக்காலி போட்டுச் சிவப்பு முடிச்சை அவிழ்த்தேன். பழம் கறுத்து, கொட்டைப்பாக்குப்போல இறுகியிருந்தது. அதைப் பலகைக்கு மேலாகக் கொண்டுபோகையில் என் கையிலிருந்து துள்ளிப் பாய்ந்தது. டக்கென்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

முடிச்சு இத்தனை நாள் சாய்ந்தது அவர் பக்கமல்ல, அவர் தோளிலிருந்த காந்தத்தின் பக்கம். மதியம் அவர் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். கத்தியால் தோலைக் கீறியபோது துருப்பிடித்த முனை வெளியே வந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

நிலையைக் காட்டினேன்.

அவர் முனையைத் திருப்பி, குழலுக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்தார். பசையின் ஒரு துணுக்குகூட உள்ளே பற்றியிருக்கவில்லை. குச்சியின் நுனியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ வந்தது. முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். சிக்கு வாடையடிக்கும் நல்லெண்ணெய்.

"போன வருசம் பூசைக்கு இதுக்கும் எண்ண தொட்டியா?"

"தொட்டேங்க. உள்ளயும் விளக்குத்திரிய விட்டுத் துடைச்சேன். நல்லா இருக்கணும்னுதான்."

எண்ணெய்மீது குங்கிலியம் பிடிக்காது. முதல் இழுப்பை எப்படியோ தாங்கிய பசை தீவட்டிச் சூட்டில் இளகியிருக்கிறது. குருக்கள் பழத்தை உருவியபோது முனையும் பழத்தோடு போனது புகையில் அவர் கண்ணில் படவில்லை. அதைத்தான் மடியில் ஏந்தினேன். அதன் கீழேதான் இருவரும் ஓராண்டாக நடந்தோம். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போனதும் அதன் கீழேதான்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை என் கையெட்டாத இடத்தில் தள்ளிவைத்தார்.

"உன் கையுமில்ல, என் கையுமில்ல. இனிமே அப்பிடிச் சொல்லாத."

அதுவரை சொல்லிவந்தவர் அவர்தான்.

புது முனையை விட்டுவிட்டு, பழையதையே சாம்பலிட்டுத் தேய்த்தார். நெருப்பில் செக்கச்சிவக்கக் காட்டி எண்ணெயை எரித்தார். மறுநாள் காலை அதிலேயே பசையை ஏற்றினார். அன்று மாலை அம்பு வாழைமரத்தில் அடிவரை இறங்கிற்று. பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அக்காதான் முதலில் குலவையிட்டாள்.

குருக்கள் எலுமிச்சம்பழத்தை என் பக்கம் நீட்டினார். வாங்கினேன், மடியில் கட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் பார்க்க இரண்டு கைகளாலும் நசுக்கினேன். சாறும் கொட்டையும் தவிர ஒன்றுமில்லை.

"பிள்ளத்தாச்சிக்குப் புளிப்பு கேக்குது, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா லா" என்று அக்கா சொல்லக் கூட்டம் சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை. சாறு தரையில் சிந்தாமல் என் கைகளுக்குக் கீழே தம் கைகளை ஏந்திக்கொண்டு நின்றார்.

மழைக்காலம் முடிந்து மகள் பிறந்தாள். மேலும் பல ஆண்டுகள் அதே வீட்டில்தான் இருந்தோம். அந்த ஆணியில் பிறகு எதையும் கட்டவில்லை. ஆயினும் அதைக் கடக்கும்போதெல்லாம் நானும் தலை குனிந்தேன். அவர் உயரமானவர், குனியாமல் முடியாது. எனக்கு அந்த நிலை தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருக்கும்.