வெயில் ஏறுமுன் எடுத்த அளவு

என் நாத்தனாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பட்டறையில் எல்லோருக்கும் அவள் மில்லி. "ஒரு நூல் முன்னப் பின்ன இருந்தா என்னம்மா ஆயிடும்?" என்று யாராவது கேட்டால், "நூல் கணக்கெல்லாம் வேற பட்டறையில வெச்சுக்கோங்க. இங்க மில்லிமீட்டர்தான், மில்லி" என்பாள். அப்படி ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர்கூட, மில்லி என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

எங்கள் பட்டறையில் செய்வது இரும்புப் புகைபோக்கி. ஆலைகளில் பாய்லர் புகையை வானத்துக்கு ஏற்றிவிடும் பெரிய குழாய். என் வீட்டுக்காரர் வெல்டர். நான் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து சிவப்பு பெயிண்ட் அடிக்கிறவள். மில்லி அளவு பார்ப்பவள். அவள் டேப்பை மடக்கித் தலையாட்டினால்தான் ஒரு துண்டு பட்டறை வாசலைத் தாண்டும்.

அவள் முதலில் வந்தது தார்ப்பாய் தைக்க. கையில் தையல் தொழில் இருந்தது. ஒருநாள் புகைபோக்கியின் அடித்துண்டுக்குத் தகடு வெட்டக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அது கீழே அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் இருக்கும். இரண்டு தகடு வீணாகி, மூன்றாவதற்கு முன்னால் எல்லோரும் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். இவள் ஒரு பழைய காலண்டர் தாளை விசிறி மாதிரி வெட்டிச் சுருட்டிக் காட்டினாள். "பாவாடைக்கு வெட்டுறது இப்படித்தான். இரும்புன்னா மட்டும் வேறயா?" என்றாள். மறுவாரமே முதலாளி அவள் கையில் டேப்பைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தெரியாதது இல்லை என்று ஆயிற்று. தகட்டை வளைத்து ஒட்டிய ஒரு வளையத்தின் செங்குத்துத் தையல், அதாவது வெல்டிங் கோடு, அடுத்த வளையத்தின் தையலுக்கு நேராக வந்தால் என் வீட்டுக்காரரையே பிரிக்கச் சொல்வாள். செங்கல் கட்டுகிற மாதிரி மாறி மாறித்தான் வர வேண்டும். உச்சியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சுருளாகப் பட்டைகள் சுற்றிப் போகும். பார்க்க வருகிறவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். "அலங்காரம் இல்லீங்க. புயலைவிட, ஒரே சீரா அடிக்கிற சாதுக் காத்துதான் சிம்னியை ஆட்டி வைக்கும். பட்டை அந்தக் காத்தைக் கலைச்சு விட்டுடும்" என்பாள். தகட்டின் கனத்தில் தேவைக்கு மேல் மூன்று மில்லி ஏன் என்று நான் கேட்டதற்கு, "அது துருவோட பங்கு அண்ணி. அதுக்கும் பசிக்கும்ல? நம்ம பங்கைத் தின்னாம இருக்க முதல்லயே எடுத்து வெச்சிடுறோம்" என்றாள்.

இத்தனை தெரிந்தவளையும் ஒரு மதியம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு காகித ஆலைக்கு நாற்பது மீட்டர் உயரத்தில் புகைபோக்கி செய்தோம். நாலு பேர் கைகோத்தால்தான் சுற்றி வளைக்க முடியும். ஐந்து துண்டுகளாகக் கொண்டுபோய், கிரேனால் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, அடியில் பதினாறு போல்ட்டில் பிடித்திருந்தோம். அடித்தகட்டுக்கும் கான்கிரீட் மேடைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் சிமெண்டுக் கலவை ஊற்றிவிட்டால் அதன் நிலை அதோடு சரி, பிறகு நிமிர்த்த முடியாது. அதற்கு முன் ஆலையின் பாய்லர் இன்ஜினியர், அது நேராக நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மீட்டருக்கு ஒரு மில்லி, ஆக உச்சியில் நாற்பது மில்லிக்கு மேல் சாயக் கூடாது என்பது ஒப்பந்தத் தாளில் இருந்த எல்லை.

இன்ஜினியர் மூன்று கால் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"அறுபத்தெட்டு மில்லி கிழக்கே சாஞ்சிருக்கு. என்னங்க வேலை இது?"

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "சரி பண்ணிடலாம் சார்."

"கிழக்குப் பக்கம் நட்டைத் தளர்த்தி, அடியில பேக்கிங் தகடு குடுத்துத் தூக்குங்க. காலைல எட்டு மணிக்குக் கொத்தனார் வர்றார். கலவை ஊத்தியாகணும்."

மில்லி தன் சின்ன நோட்டை எடுத்தாள். "எத்தனை மணிக்குப் பார்த்தீங்க சார்?"

"இப்பத்தாம்மா. நீயும்தானே நிக்கிற?"

"மணி சொல்லுங்க சார்."

"மூணரை."

மூன்றரை, மேற்கே கடும் வெயில், கிழக்கே அறுபத்தெட்டு என்று எழுதினாள். எழுதிவிட்டு, "சிம்னி நேராத்தான் இருக்கு சார். வெயில் சாய்ச்சிருக்கு" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "வெயில் சாய்க்க இது என்ன கீரைத் தண்டாம்மா?"

"மேக்குப் பக்கம் கை வெச்சுப் பாருங்க சார்."

வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். சுற்றி வந்து கிழக்குப் பக்கம் வைத்தார். அங்கே கை நின்றது.

"சுடுற பக்கம் நீளும். நீளாத பக்கமாத் தலை சாயும். வெயில் எறங்கிட்டா அதுவே நிமிர்ந்துக்கும்."

"கொஞ்சம் நீளும்தான். அதுக்காக அறுபத்தெட்டு மில்லியா? நான் பாய்லர் பார்க்கிறவன், எனக்குக் கதை சொல்லாத. எல்லை நாப்பது. நான் அதைத்தான் பார்ப்பேன்."

அவர் போனதும் முதலாளி அவளை ஓரமாக அழைத்தார். நான் பெயிண்ட் டப்பாவோடு பக்கத்தில்தான் இருந்தேன்.

"அவர் கையெழுத்துப் போட்டாத்தான் இந்த எடத்துல நமக்கு மரியாதை. நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

"போச்சுன்னா இந்த டேப்பை உங்க மேசை மேல வெச்சுட்டு தார்ப்பாய் தைக்கப் போயிடுறேன். விடியக்காலம் வெயில் படுறதுக்கு முன்னால அளப்போம். பத்து மில்லிக்குள்ளதான் இருக்கும்."

"விளையாட்டுக்குச் சொல்லாத."

"வேலையில நான் என்னைக்குங்க விளையாடினேன்?"

முதலாளி புகைபோக்கியின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். "சரி. ஏழு மணி வரைக்கும் உனக்கு. அப்புறம் நான் தகடு வெச்சிடுவேன், நீயும் உன் வாக்கைக் காப்பாத்தணும்" என்றார். இன்ஜினியருக்கும் போன் போட்டு விடியற்காலையில் வரச் சொன்னார்.

மில்லி சுண்ணக்கட்டியை எடுத்து, பதினாறு நட்டிலும் நட்டையும் அடித்தகட்டையும் சேர்த்து ஒவ்வொரு கோடு இழுத்தாள். நட்டை யாராவது கடுகளவு திருப்பினாலும் கோடு விலகிவிடும்.

"யார் மேல சந்தேகம் உனக்கு?" என்றேன்.

"யார் மேலயும் இல்ல அண்ணி. ஆனா பயந்தவங்க கையில ஸ்பேனர் இருக்கக் கூடாது."

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் வம்புக்கு இழுத்தார். "வெயில் பாடத்தை எங்க படிச்சேன்னு அந்த இன்ஜினியர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் சிரித்தாள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு சோப்பு ஆலையில் இவள் சாயங்காலம் நாலு மணிக்கு அளந்து, சாய்வு என்று தகடு வைத்துக் கலவையும் ஊற்றச் சொல்லிவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் புகைபோக்கி எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றது. இறுகின கலவையை மூன்று நாள் உளியால் உடைத்தார்கள். இவளும் உட்கார்ந்து உடைத்தாள். அன்றிலிருந்து மணியும் வானமும் எழுதாமல் ஒரு அளவையும் நோட்டில் ஏற்றமாட்டாள்.

"கை கொப்புளிச்சு அழுதது யாரு?" என்றார் இவர்.

"நான்தான். அழுதுட்டுத்தானே கத்துக்கிட்டேன். நீ கொப்புளமும் படல, கத்துக்கவும் இல்ல."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் உடனே தூங்கிவிட்டாள். நான்தான் உட்கார்ந்து கும்பிட்டேன். ஆண்டவனே, அவள் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை, காலையில் காற்றை மட்டும் கொஞ்சம் கட்டிப் போடு என்று கேட்டுக்கொண்டேன். இலை அசைகிற காற்று இருந்தாலும் உச்சி ஆடும், அளவு கெடும்.

ஐந்தே காலுக்கு நாங்கள் ஆலைக்குப் போனபோது முதலாளி எங்களுக்கு முன்னால் வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். நான் முதலில் குனிந்து நட்டுகளைத்தான் பார்த்தேன். பதினாறு கோடும் அப்படியே இருந்தன. சந்தேகப்பட்டதற்கு முதலாளி முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. காற்றே இல்லை. பக்கத்து டீக்கொட்டகையின் புகை நேராக மேலே போயிற்று. மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

இன்ஜினியர் கொட்டாவியோடு வந்தார். இரும்பைத் தொட்டுப் பார்த்தார். எந்தப் பக்கமும் ஒரே குளிர்ச்சி. கருவியில் கண்ணை வைத்தவர், எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

"கிழக்கே பதினாலு."

நாற்பதுக்கு ரொம்ப உள்ளே. முதலாளி மூச்சை விட்டார். "பத்துக்குள்ளன்னு சொன்னியே மில்லி. பத்துன்னே எழுதிடலாமா சார், அழகா இருக்கும்."

"பதினாலுன்னா பதினாலு. நான் சொன்னதுல நாலு மில்லி தப்பு. அதையும் சேர்த்து எழுதுங்க" என்றாள்.

ஆனால் இன்ஜினியர் பேனாவை எடுக்கவில்லை. "நேத்து அறுபத்தெட்டு, இன்னைக்குப் பதினாலு. நான் போனப்புறம் நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. மில்லி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கேக்க வேண்டியதுதாண்ணே. சார், கீழ நட்டைப் பாருங்க. நேத்து சாயங்காலம் போட்ட கோடு."

அவர் குனிந்து பதினாறையும் சுற்றி வந்து பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். பேனா அப்போதும் சட்டைப்பையிலேயே இருந்தது.

"உக்காருங்க சார். வெயிலே வந்து சாட்சி சொல்லட்டும்" என்றாள் மில்லி.

உட்கார்ந்தோம். சூரியன் கொட்டகைக் கூரையைத் தாண்டி ஏறியது. ஏழரைக்கு இன்ஜினியர் பார்த்தார். "என்னங்க இது, நடுவுக்கு வந்துடுச்சு!" எட்டு மணிக்குக் கொத்தனார் வந்து, "என்ன எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறீங்க, காக்கா ஏதும் கூடு கட்டுதா? கலவை போடவா வேண்டாமா?" என்றார். எட்டரைக்குப் பார்த்தபோது மேற்கே இருபது. இன்ஜினியருக்கு இப்போது கருவியை விட்டு வரவே மனசில்லை. வேடிக்கை பார்க்கும் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

"நேத்து நான் சொன்னபடி தகடு வெச்சிருந்தா?"

"இன்னைக்கு விடியக்காலம் மேக்கே அம்பதுக்கு மேல சாஞ்சு நின்னிருக்கும் சார். சாயங்காலம் நீங்க பார்க்கிற நேரத்துக்கு மட்டும் நேரா இருக்கும்."

"முதலாளி வர்ற நேரத்துக்கு மட்டும் நேரா நிக்கிற ஆளுங்க நம்ம பட்டறையிலயும் உண்டே" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேற யாரு, நீதான்" என்றாள் தங்கை. முதலாளியே சிரித்துவிட்டார்.

இன்ஜினியர் படிவத்தை விரித்தார். அதில் அளவுக்குக் கட்டம் இருந்தது, நேரத்துக்கு இல்லை. மில்லியிடம் ஸ்கேல் வாங்கி ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, விடியற்காலை ஐந்தே முக்கால், வெயில் இல்லை, காற்று இல்லை, கிழக்கே பதினாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இனிமே என் படிவத்துல எல்லாம் இந்தக் கட்டம் இருக்கும்மா" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு, "கொத்தனாரே, இப்பப் போடுங்க கலவையை" என்றாள்.

கலவை நன்றாக இறுகிய பிறகு, அவள் பக்கத்தில் நிற்க, நட்டுகளுக்குக் கடைசி முறுக்குக் கொடுத்தார்கள். அப்போதுதான் கோடுகள் விலகின. சுண்ணத்தின்மேல் பெயிண்ட் ஒட்டாது. ஈரத்துணியால் பதினாறையும் நான்தான் துடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆண்டவனுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொண்டு துடைத்ததால் கொஞ்சம் நேரமாயிற்று.

"என்ன அண்ணி, அங்கேயே ஜெபமா?" என்று குரல் கொடுத்தாள் மில்லி. "ரெண்டு கோட்டிங்காவே அடிங்க. துருவுக்கு எப்பவும் பசி."