ரொட்டி வாங்கும் பாலம்

அந்தமானில், ரங்கத் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நீலாவதியக்கா சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறாள். பக்கத்தில் என் டீக்கடை. தண்ணீர் கேன் போடுகிறவனைக்கூட அவள் நம்பி உள்ளே விட்டதில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்தில் அப்பா அம்மாவோடு இந்தியாவுக்கு வந்து, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தாள். கல்யாணமாகியிருந்த அக்கா மீனாம்பாள் இலங்கையிலேயே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து காகிதம் கேட்கிறவனைக் கண்டால் நீலாவதியக்காவுக்கு ஆகாது. காகிதம் இல்லாதவனை நம்பவும் மாட்டாள்.

போன மாசம் ஒரு ஜோடி வந்து தங்கியது. அவன் ஜெர்மன்காரன், அவள் பிரெஞ்சுக்காரி. இருவர் பாஸ்போர்ட்டும் ஒரே நிறம். இரண்டிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்.

"நாடு வேற, அட்டை மட்டும் ஒண்ணா? ஏதோ கட்பட், கோல்மால் இருக்கு தம்பி."

அவனைத் தனியாகப் பிடித்து, எல்லையைத் தாண்டினால் யார் நிறுத்துவார்கள் என்று என் அரைகுறை இங்கிலீஷில் கேட்க வைத்தாள். யாருமில்லையாம். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம் பிரெஞ்சுக்காரியின் ஊர். காலையில் ரொட்டி வாங்க நடந்து போவானாம். தாத்தாக்கள் காலத்தில் அந்த ஆற்றுக்கு இருபுறமும் துப்பாக்கிகள். இப்போது தகராறு வந்தால் ஒன்றியத்தில் உட்கார்ந்து பேசியே சலித்துப் போவார்களாம். பிறகு அவளைத் தனியாகக் கேட்டோம். அதே பாலம், அதே ரொட்டி.

"ரெண்டும் பேசி வச்சுட்டு வந்திருக்கு. பக்கத்து நாட்டுக்காரன் ரொட்டி வாங்கவா வருவான்? வேவு பாக்க வருவான்."

அந்த வாரமே மீனாம்பாள் வந்தாள். சாவதற்குள் தங்கச்சியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அழைத்துவர நானும் நீலாவதியக்காவும் போர்ட் பிளேர் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தோம். அவளை வெளிநாட்டவர் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். இந்த வயதில் தனியாக ரங்கத் லாட்ஜுக்கு எதற்கு என்று அதிகாரிக்குச் சந்தேகம். திருப்பி அனுப்பிவிடுவார் போலிருந்தது.

நீலாவதியக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். கடைசியாக அக்காவை எங்கே பார்த்தாய் என்றார்.

"தலைமன்னார் ஜெட்டில சார். அம்மா கட்டுன ரொட்டி மழைல நனைஞ்சு போச்சு."

அடுத்த மேசையில் மீனாம்பாளிடம் கேட்டுவிட்டு வந்தவர் சிரித்தார். அதே ஜெட்டி, அதே ரொட்டி. இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்தீர்களா என்று ஹிந்தியில் கேட்டார்.

நீலாவதியக்கா தலைகுனிந்தாள். பாவமாக இருந்தது.

"இல்ல சார்," என்றாள். "நெசத்தை ரெண்டு பேரு சொன்னா ஒண்ணாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரி முத்திரை குத்தினார். மீனாம்பாள் எந்தத் தேதிக்குள் திரும்பிப் போக வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது.